மந்திரியின் நெஞ்சுக்குப் போன ஆட்டுக்குழாய்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு மடையன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. நேராகக் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல எனக்கு வராது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் "இது நெய்யாற்றின்கரை போகுமா?" என்று கேட்டால், "போகும், திரும்பி வருமான்னுதான் தெரியாது" என்பேன். அவர் பதறி எழுந்து கண்டக்டரைத் தேடுவார். எனக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகும். பெயர் சத்தியதாஸ். பெயர் வைத்த போதகரைக் குற்றம் சொல்ல வழியில்லை. அப்போது நான் பேச ஆரம்பித்திருக்கவில்லை.

இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு ஒரு பார்மசி கல்லூரியின் ஆராய்ச்சி லேபில் டெக்னீஷியனாகக் காலம் தள்ளி, போன வருடம் ஓய்வும் பெற்றுவிட்டேன். லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள், "அண்ணா, அனுபவத்தை எழுதித் தாருங்கள்" என்றார்கள். அனுபவம் என்றால் ஏதோ கண்டுபிடிப்பு என்று நினைத்திருப்பார்கள் போல. என்னிடம் இருப்பது இதுதான்.

குழாய்க்குத் தெரியக்கூடாத விஷயம்

எங்கள் லேப் கேரள எல்லைக்குள், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருந்தது. அப்போது நடந்துகொண்டிருந்தது ஒரு மருந்தைப் பற்றிய வேலை. ரத்தக்குழாயை விரித்துக் கொடுக்கும் வகை மருந்து. சாதாரண நேரத்தில் அது நன்றாக விரிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் கேள்வி வேறு. உடம்பில் ஆக்ஸிஜன் குறையும்போது, அதாவது உண்மையிலேயே அந்த மருந்து தேவைப்படும்போது, அது குழாயை விரிக்குமா, இல்லை, தன் கையை விரித்துவிடுமா?

இதைப் பார்க்க ஆட்டின் கழுத்து ரத்தக்குழாய் வேண்டும். அதைச் சின்னச் சின்ன வளையமாக வெட்டுவோம். ரிங் என்போம். ஒரு ரிங்கை இரண்டு கொக்கியில் மாட்டி, ஆர்கன் பாத் என்கிற கண்ணாடிக் குழலுக்குள் தொங்கவிடுவோம். உள்ளே கிரெப்ஸ் என்கிற உப்புக்கரைசல், உடம்புச் சூட்டில். அடியிலிருந்து ஆக்ஸிஜன் கலந்த வாயு குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். ஆடு செத்துப்போன விஷயம் குழாய்க்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையின் சூட்சுமம். பிறகு சுருக்குகிற மருந்தை விட்டால் குழாய் சுருங்கும், கிராஃப் ஏறும். எங்கள் மருந்தை விட்டால் குழாய் விரியும், கிராஃப் இறங்கும். அடுத்தபடியாக ஆக்ஸிஜனை மூடி நைட்ரஜனைத் திறந்துவிட்டு, அதே வேலையை மறுபடி செய்ய வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். குழாயின் உள்பக்கத்தில் ஒற்றை செல் கனத்தில் ஒரு படலம் உண்டு. எண்டோதீலியம் என்று பெயர். நாங்கள் உள்தோல் என்போம். பல மருந்துகள் குழாயின் தசையிடம் நேராகப் பேசாது. உள்தோலிடம் சொல்லும், உள்தோல் தசையிடம் சொல்லும், அதன்பிறகே தசை இளகும். அரசாங்க ஆபீஸ் மாதிரி. இந்த உள்தோல் பஞ்சு பட்டாலே போய்விடும். அதனால் தினமும் முதல் வேலையாக அசிட்டைல்கோலின் விட்டுப் பார்ப்போம். கிராஃப் இறங்கினால் உள்தோல் பத்திரம். இறங்காவிட்டால் அந்த ரிங் பிரயோஜனமில்லை.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். கைடு உமா மேடம். அந்தக் காலத்தில் கொட்டாரத்தில், அதாவது அரண்மனையில், கணக்கெழுதிய சைவக் குடும்பம். வாழ்நாளில் முட்டைகூடத் தொட்டதில்லை. ஆட்டுக்குழாயை மைக்ராஸ்கோப்பில் நாள் முழுக்கப் பார்ப்பார். அது ஆட்டில் இருந்த காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் காதைப் பொத்திக்கொள்வார். "ஃபிளாஸ்குக்கு முந்தின கதை எனக்கு வேண்டாம், தாஸே" என்பது அவருடைய உத்தரவு.

ரிசர்ச் செய்தவள் ஷைனி. வெள்ளறடைக்காரி. ரிங் வெட்டுவது, மாட்டுவது எல்லாம் அவள். ஃபிளாஸ்கோடு இறைச்சிக்கடைக்குப் போய்வருவது நான். அவள் அந்தக் கடைப்பக்கம் வர வேண்டிய தேவையே இருக்கவில்லை.

செல்லையண்ணன் கேட்ட கேள்வி

கடை செல்லையண்ணனுடையது. பாறசாலை சந்தையைத் தாண்டி, ரோட்டோரம். முதல் நாள் நான் ஐஸ் பெட்டியும் ஃபிளாஸ்குமாகப் போய் நின்று, ஆட்டின் கழுத்து ஞரம்பு (ரத்தக்குழாய்க்கு அங்கே அதுதான் பேர்) வேண்டும் என்றதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்காக்கும் லே இது? நாய்க்கா?"

லேபில் தொங்கவிட்டு மருந்து விட்டுப் பார்க்க என்று சொல்லியிருக்கலாம். ஒரே வரி. அவர் தலையாட்டியிருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கேட்கப்பட்டவன் நான்.

"நாய்க்கு ஆராவது ஃபிளாஸ்க்ல கொண்டு போவாவளா அண்ணே? இது மந்திரிக்கு."

"எந்த மந்திரிக்கு?"

"அத வெளிய சொல்லப்படாது. நெஞ்சில அடைப்பு. பெரிய பெரிய டாக்டர்மாரு எல்லாம் கைய விட்டாச்சு. இனி ஆட்டுக்க ஞரம்பு வெச்சாத்தான் பெழைப்பாரு. நம்ம காலேஜில வெச்சு ரகசியமாட்டு நடக்குது."

செல்லையண்ணன் கொத்துவதை நிறுத்தினார். கத்தியைத் துடைத்தார்.

"எனக்க கடையில உள்ள ஆட்டுக்க ஞரம்பா?"

"ஒங்க கடையில உள்ளதேதான்."

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. ஈரல் கேட்டு ஒருவர் வந்தார், பேச்சு நின்றது. ஒருவர் சிரிக்காமல் இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. நல்ல ஜோக்கைச் சொன்ன குஷியில் ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

அதற்குப் பிறகு நடைமுறை இதுதான். காலையில் ஃபிளாஸ்கை அவரிடம் கொடுப்பேன். எதிரே சாயாக்கடையில் போய் உட்கார்ந்து, கேட்கிறவர்களிடம் கதையளப்பேன். அவர் கைதட்டிக் கூப்பிட்டதும் ஃபிளாஸ்கை வாங்கிக்கொண்டு லேபுக்குப் பறப்பேன். இடையில் கடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நான் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

பயறு வெட்டிய கை

ரிசல்ட் வந்தது. அதாவது, சில நாள் வந்தது. அன்றைக்கு கிராஃப் அழகாக இறங்கும், ஷைனி வாய்க்குள் பாட்டுப் பாடுவாள். மற்ற நாட்களில் சுருக்குகிற மருந்துக்குக் குழாய் ஜோராகச் சுருங்கும், ஆனால் அசிட்டைல்கோலினை ஊற்றினால் மலை மாதிரி அசையாமல் நிற்கும். நைட்ரஜனைத் திறந்தால் எங்கள் மருந்துக்கும் அதே மரியாதைதான்.

நான் சும்மா இருப்பேனா? காரணங்களை அடுக்கினேன். கரண்ட் வோல்டேஜ் என்றேன். நைட்ரஜன் சிலிண்டர் கசிகிறது என்று சோப்புத்தண்ணி போட்டு ஒரு நாள் முழுக்கக் குமிழ் பார்த்தேன். களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டி வரும் தமிழ்நாட்டு ஆட்டுக்கு மலையாள மருந்து பிடிக்கவில்லை என்றும் ஒரு கொள்கை வைத்திருந்தேன். உமா மேடம் எதற்கும் சிரிக்கவில்லை. ஷைனியைப் பார்த்தார்.

"தசை நல்லா இருக்கு, சுருங்குது. உள்தோல் மட்டும் போயிருக்கு. ஃபோர்செப்ஸை உள்ள விடுறியா?"

"இல்ல மேடம்."

"பின்ன யாரு விட்டது? ஆடா?"

ஷைனி தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் என் பக்கம் திரும்பி, "தாஸே, கடையில அதை எப்படி..." என்று ஒரே ஒரு தடவை ஆரம்பித்தார். "மேடம், முதல்ல ஆட்டுக்க காலைக் கெட்டி..." என்று நான் உற்சாகமாகத் தொடங்கினேன். "போதும்" என்று கையைக் காட்டிவிட்டார். அன்றைக்கு நான் காலில் ஆரம்பிக்காமல் கழுத்தில் ஆரம்பித்திருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ.

டாக்டோரல் கமிட்டி கூடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மேடம் பட்டென்று சொல்லிவிட்டார்: "இப்படி ஒரு நாள் ஏறி, ஒரு நாள் எறங்குற ரிசல்ட்டைக் கமிட்டி முன்னால வைக்க முடியாது. டாபிக்கை மாத்தணும். இல்லேன்னா ரிங் வெட்ட வேற கை வேணும்."

முதலாவது வழியில் போனால் அவள் அதுவரை செய்ததெல்லாம் குப்பை. இரண்டாவது வழியில் போனால், இவளுக்குக் கை சரியில்லை என்று லேப் முழுக்கத் தெரியும். பாத்தில் ரிங் மாட்டுகிறவளுக்கு அதைவிடக் கெட்ட பெயர் கிடையாது.

அவள் வீட்டில் பயிற்சி எடுக்க ஆரம்பித்தாள். நீளப் பயற்றங்காயை அமுக்காமல், உள்ளிருக்கும் மணி நசுங்காமல், வளையம் வளையமாக வெட்டுவது. வெட்டியதைத் தூர எறிய முடியாதல்லவா? வெள்ளறடையில் அந்த வீட்டுக்காரர்கள் காலையும் மாலையும் பயறு தோரன் தின்றார்கள். அவள் அம்மா எனக்கு போன் போட்டு, "சாரே, இந்தப் பிள்ளை படிக்கியது மருந்துக்கா, சமையலுக்கா?" என்று கேட்டார்.

ஒரு சாயங்காலம் சிங்க் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள்.

"தாஸண்ணா, எனக்க கை நடுங்குதா? நேரா சொல்லணும்."

பார்த்தேன். கல் மாதிரி நின்றது. "இல்ல மோளே. ஒரு துளி நடுக்கம் இல்ல."

"நீங்க சொன்னா நான் எப்படி நம்பியது?"

அந்த லேபில் நான் சொன்ன சுத்தமான உண்மைகளில் அது ஒன்று. எடுபடவில்லை.

"இப்பம் எப்படி உண்டு?"

மறுநாள் ஷைனி, "நானும் கடைக்கு வாறேன். ஆட்டுல இருந்து எடுக்கியது முதல் எனக்குப் பாக்கணும்" என்றாள். எனக்கு ஒரு சந்தேகமும் தோன்றவில்லை. மந்திரி சமாச்சாரம் எனக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது. ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

லேப் கோட்டோடு ஒரு பெண்பிள்ளை இறங்கியதைப் பார்த்ததும் செல்லையண்ணன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கடையில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எனக்கு அந்த நாற்காலி ஒரு நாளும் கிடைத்ததில்லை.

"டாக்டரம்மா இருக்கணும். நீங்க எப்பமாவது வருவியன்னு எனக்குத் தெரியும்."

அப்போதுதான் அறுத்த ஆட்டின் கழுத்திலிருந்து குழாயை எடுத்தார். பதமாக, ஒரு இழுப்பு இல்லாமல். ஷைனியின் முகம் தெளிந்தது. அடுத்து அவர் குழாயோடு பின்பக்கக் குழாயடிக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். தண்ணீரைத் திறந்து, ரத்தக்குழாயின் வாயில் பிடித்து, வேகமாகப் பாய விட்டார். பிறகு ஜன்னலில் செருகி வைத்திருந்த ஒரு தென்னை ஈர்க்கிலை எடுத்தார். அதன் நுனியில் மெல்லிய வெள்ளைத்துணி சுற்றியிருந்தது. அதைக் குழாய்க்குள் விட்டு, துப்பாக்கி துடைக்கிற போலீஸ்காரர் மாதிரி, மேலும் கீழும், மேலும் கீழும்.

ஷைனியின் வாய் திறந்தது. 

"பாருங்க டாக்டரம்மா," என்று செல்லையண்ணன் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "உள்ள ஒரு பொட்டு அழுக்கு கெடையாது. சாதாரண ஆளுக்கா வைக்கியது?"

"ஆருக்கு வைக்கியது?" என்றாள் ஷைனி.

அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லப்படாதுன்னு எனக்குத் தெரியும் மோளே. இவன் எங்கிட்ட மட்டும் சொன்னான். மந்திரிக்கு இப்பம் எப்படி உண்டு?"

ஷைனி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் ஆட்டுத்தோல்கள் காயப்போட்டிருந்த கயிற்றைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா," என்றாள் அவரிடம், ரொம்பப் பொறுமையாக. "எல்லா நாளும் இப்படிக் கழுவுவியளா?"

அவர் முகம் வாடியது. "பொய் சொல்லப்படாது மோளே. தெரக்குள்ள நாள்ல பற்றாது. சனியாழ்ச்சைன்னா ஆளு கூட்டம் ரோடு வரைக்கும் நிக்கும். அப்பம் கழுவாம அப்படியே போட்டுக் குடுத்துருவேன். பொறவு எனக்கு மனசு கேக்காது. ஞாயிறு கோயில்ல முட்டுகுத்தி மன்னிப்பு கேப்பேன்."

சனிக்கிழமை. ஷைனி பாட்டுப் பாடுகிற நாள்.

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. "எனக்க கையில குத்தம் இல்ல. எனக்க கையில குத்தம் இல்ல அண்ணா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். செல்லையண்ணன் பயந்துபோய், "எலே தாஸே, மந்திரி செத்தாச்சா?" என்று என் காதில் கேட்டார்.

"நீங்களே சொல்லுங்க," என்றாள் ஷைனி என்னிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்பமே. நேரா."

சொன்னேன். மந்திரி இல்லை. நெஞ்சடைப்பு இல்லை. கண்ணாடிக் குழலில் தொங்கவிட்டு மருந்து ஊற்றிப் பார்க்கிறோம், அவ்வளவுதான். அவர் கையில் கத்தி இருந்ததால் எந்த இடத்திலும் ஜோடனை சேர்க்கவில்லை.

"எனக்க பெண்டாட்டி வெள்ளியாழ்ச்சை தோறும் அந்த மனுஷனுக்காவ உபவாசம் இருந்தா லே," என்றார் செல்லையண்ணன்.

ஷைனிதான் பேசினாள். உள்தோல் என்றால் என்ன, அது எவ்வளவு மெல்லியது, மூச்சுக்குக் காற்றுப் போதாமல் கிடக்கிறவர்களுக்கு இந்த மருந்து உதவுமா என்று பார்ப்பதற்கு அது ஏன் வேண்டும் என்றெல்லாம் விளக்கினாள். தண்ணீர் வேண்டாம், ஈர்க்கில் வேண்டாம், எடுத்ததும் ஃபிளாஸ்கில் போட்டால் போதும். அவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இதச் சொன்னா எனக்கு மனசிலாவாதா? இதுக்கு எதுக்கு லே மந்திரி?"

அன்று தொடங்கி, வீட்டுக்கு இறைச்சி வாங்கப் போனால் எனக்கு அவர் எலும்பில்லாத துண்டு வைத்ததே கிடையாது. என் மனைவிக்குக் காரணம் தெரியாது. ஆடு இளைத்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்

உமா மேடத்திடம் ஷைனியே போய்ச் சொன்னாள். ஃபிளாஸ்குக்கு முந்தின கதையை முதல் தடவையாக முழுசாகக் கேட்டார். "ஈர்க்கில்?" என்றார். "துணி சுத்தின ஈர்க்கில், மேடம்" என்றேன் நான், விவரம் விட்டுப்போகக் கூடாதே என்று. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் அவர் பேசியது ஷைனியிடம்.

"உன் கையைச் சொன்னேன். நான் கடையைக் கேட்டிருக்கணும். என் தப்பு."

பிறகு பழைய கிராஃப்களைப் பரப்பினார். "இது ஒண்ணையும் தீசிஸ்ல எழுதக்கூடாது. கழுவினது எது, கழுவாதது எதுன்னு நமக்கு நிச்சயமா தெரியாது. முதல்ல இருந்து செய். ஆனா ஒண்ணு பாத்தியா? உள்தோல் போன நாள்ல நைட்ரஜன்ல நம்ம மருந்துக்கு ரிங் அசையவே இல்ல. அது என்ன சொல்லுது?"

"மருந்துக்கு உள்தோல் வேணும். ஆக்ஸிஜன் இல்லாதப்போ அது இல்லாம முடியாது."

"சொன்னா போதாது. பாதி ரிங்கில உள்தோலை நீயே எடு. பாதியில அப்படியே விடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டிக் காட்டு."

தசைக்கு ஒரு கீறல் விழாமல் உள்தோலை மட்டும் உரித்தெடுப்பது லேசான வேலை இல்லை. பயறு வெட்டிய கை அதைச் செய்தது. நான் அந்த நாட்களில் லேபில் வாயே திறக்கவில்லை. சிலிண்டரைத் திறந்தேன், மூடினேன். உள்தோல் இருந்த ரிங் நைட்ரஜனிலும் விரிந்தது. இல்லாத ரிங் நின்ற இடத்தில் நின்றது. ஒவ்வொரு நாளும், சனிக்கிழமை என்றில்லாமல்.

கமிட்டிக்கு வந்திருந்த வெளி புரொஃபசர் கிராஃபை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். "ரிங் ஆரு வெட்டினது? இத்தனை கிளீனா நான் பாத்ததில்ல" என்றார். உமா மேடம், "ஷைனியோட கை சார்" என்றார். நான் டீ கொண்டுபோன சாக்கில் வாசலில் நின்றிருந்தேன். ஷைனி இரண்டு கையையும் மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சாம்பிள் ஃபிளாஸ்குக்குள் பிறப்பதில்லை. அது புறப்படும் இடத்துக்கு ஒரு தடவையாவது நீங்களே போய்ப் பாருங்கள். உங்களுக்கு அதைத் தருகிறவரிடம் எதற்கென்று நேராகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் தனக்குத் தெரிந்த வழியில் அன்பு காட்டிவிடுவார். அன்பைத் தாங்குகிற அளவுக்கு எண்டோதீலியம் பலமானதில்லை. ரிசல்ட் கெட்டால் பக்கத்தில் இருக்கிறவளின் கையைச் சந்தேகிப்பதற்கு முன்னால், சாயாக்கடையில் கதையளந்துகொண்டிருக்கிறவனைச் சந்தேகியுங்கள்.

ஷைனி இப்போது டாக்டர் ஷைனி. தீசிஸை பைண்டு செய்து எனக்கும் ஒரு காப்பி அனுப்பியிருந்தாள். மருந்து, நைட்ரஜன் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நேராக நன்றிப் பக்கத்துக்குப் போனேன். உமா மேடம் இருந்தார். பயறு தோரனைப் பொறுத்துக்கொண்ட அம்மா இருந்தார். செல்லையண்ணன் இருந்தார். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்த அவர் மனைவியும் இருந்தார். மறுபடி மேலிருந்து கீழே படித்தேன். பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். பிறகு போன் போட்டேன்.

"மோளே, எறச்சிக்கடைக்காரருக்குப் பேரு உண்டு, அவருக்க பெண்டாட்டிக்கும் பேரு உண்டு. இந்தத் தாஸண்ணனுக்கு ஒரு வரி இல்லியா?"

"ஆட்டுக்கும் இல்ல அண்ணா."